வாசகர் கேள்வி: பல் உள்ள புலியையே மாட்டுங்கள்

வந்த கடிதங்களில் ஐந்தை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஐந்தும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. வேறு வேறு உயிர்கள், வேறு வேறு மனிதர்கள் ஓர் இடத்தில் அடித்துக்கொள்ளாமல் இருப்பதைச் சொல்லும் நாட்டுப்புற ஓவியம் ஒன்றை வீட்டுக்கு எப்படிப் பார்த்து வாங்குவது? இருபத்தாறு வருடமாக நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். ஒரு படம் என் மேசையில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் அதில் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் மெல்லத் தெரிய வரும். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: நான் இந்து, கணவர் முஸ்லிம். திருமணமாகி ஒன்பது வருடம். இப்போது என் அம்மாவும் மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். இருவருக்கும் சண்டை கிடையாது. ஆனால் ஹாலில் எந்தப் படத்தை மாட்டுவது என்ற பேச்சு வந்தால் இருவருமே வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனம் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் வரிசையாக இருக்கும் படம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதையே வாங்கலாமா, அல்லது நாட்டுப்புற ஓவியங்களில் வேறு ஏதாவது சொல்வீர்களா?

முதலில் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், படம் அப்புறம். உங்கள் மாமியார் ஹாலில் தொழுபவர் என்றால், அவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறாரோ அந்தச் சுவரில் எதையும் மாட்டாதீர்கள். தொழும்போது கண்ணெதிரே மனித உருவமோ விலங்கு உருவமோ இருப்பதைப் பலர் விரும்புவதில்லை. அவரிடம் நீங்களே போய், "இந்தச் சுவர் வெறுமையாகவே இருக்கட்டும் அம்மா" என்று சொல்லுங்கள். உங்கள் அம்மா பூஜை செய்யும் இடமும் அப்படியே அவருடையதாக இருக்கட்டும். இந்த இரண்டும் உறுதியான பிறகு பாருங்கள், மிச்சமுள்ள சுவரைப் பற்றி இருவருமே பேச ஆரம்பிப்பார்கள். தன் இடம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பெரியவர்கள் பல நேரம் மௌனமாகிறார்கள்.

மூன்று கட்டடங்கள் உள்ள படம் வேண்டாம் என்பது என் கருத்து. அப்படி ஒரு படத்துக்கு ஒரு முறை சட்டம் போட்டுக் கொடுத்தேன். எடுத்துப்போக வந்த நண்பர்கள் இருவரும் என் கண்ணெதிரே எந்தக் கோபுரம் எவ்வளவு உயரம் என்று விரல் வைத்து அளந்தார்கள். இருவரும் நல்ல மனிதர்கள். குறை அந்தப் படத்தின் அமைப்பில் இருந்தது. சின்னங்களை வரிசையாக நிறுத்தினால் கண் தானாகவே எண்ணவும் அளக்கவும் தொடங்கிவிடுகிறது. அந்த மூன்று கட்டடங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவே தவிர, ஒன்றோடு ஒன்று எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. சேர்ந்து வாழ்கிறார்கள் என்றால் நடுவில் ஒரு கிணறோ, ஒரு காடோ, ஒரு மரமோ இருக்க வேண்டும். அதை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

அப்படிப் பங்கிட்ட கதை வங்காளத்தில் இருக்கிறது. மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் பிங்லா பகுதியில் நயா என்றொரு கிராமம். அங்கே பட்டுவா எனப்படும் ஓவியர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்கிறார்கள். சித்ரகர் என்பதைப் பெயரோடு சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வரைந்ததில் ராமாயணமும் உண்டு, பாம்புத் தெய்வமான மானசா தேவியும் உண்டு, பீர்கள் எனப்படும் சூஃபி ஞானிகளின் கதையும் உண்டு. பலருக்கு இந்துப் பெயர் ஒன்று, முஸ்லிம் பெயர் ஒன்று என இரண்டு பெயர்கள் இருந்ததாகவும் சொல்வார்கள். நீளமான சுருளை ஒவ்வொரு கட்டமாக விரித்து, விரலால் காட்டிக்கொண்டே பாடுவது அவர்கள் தொழில். அந்தப் பாட்டுக்குப் பட்டேர் கான் என்று பெயர். சங்குப்பூவிலிருந்து நீலம், மஞ்சளிலிருந்து மஞ்சள், விளக்குக் கரியிலிருந்து கறுப்பு எடுத்து, வில்வப் பழப் பசையில் குழைத்துத் தீட்டுவார்கள். சுருளைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் பழைய சேலைத் துணி ஒட்டியிருக்கும். காகிதம் மடங்கிக் கிழியாமல் காப்பது அந்தச் சேலைதான். யாரோ ஒரு பெண் உடுத்திக் கழித்த துணி ஒரு கதைக்கே முதுகாக இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனதைத் தொடும்.

அவர்கள் வரைவதில் போன்பீபி என்ற வனத்தின் தாயின் படத்தைத் தேடிப் பாருங்கள். சுந்தரவனக் காட்டுக்குள் தேன் எடுக்கவும் மீன் பிடிக்கவும் போகிறவர்கள், இந்துவானாலும் முஸ்லிமானாலும், அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் படகை விட்டு இறங்குவார்கள். கதையின்படி அவள் மக்காவைச் சேர்ந்த ஒரு பக்கீரின் மகள். பிறந்ததும் காட்டில் விடப்பட்டு, மான்களால் வளர்க்கப்பட்டவள். காட்டை ஆண்ட தொக்கின் ராய் புலி உருவெடுத்து மனிதர்களைத் தின்றான். போன்பீபி அவனைத் தோற்கடித்தாள், ஆனால் கொல்லவில்லை. காட்டைப் பிரித்து ஒரு பாதியை அவனுக்கே விட்டாள். மறு பாதிக்குள் மனிதர்கள் வரலாம். பேராசை இல்லாமல், வெறுங்கையோடு வந்து தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இதுதான் ஏற்பாடு. அந்தக் கதைப் புத்தகம் வங்காள எழுத்தில் இருந்தாலும் பக்கங்களை அரபு நூல்போல வலமிருந்து இடமாகத் திருப்பிப் படிப்பார்கள். இந்துக்கள் வீட்டில் அவளுக்குக் கிரீடமும் மாலையும், முஸ்லிம்கள் வீட்டில் பின்னல் சடையும் காலணியும். இரண்டிலும் பக்கத்தில் புலி இருக்கும், மடியில் துக்கே என்ற ஏழைச் சிறுவன் இருப்பான்.

அந்தப் புலியைக் கவனியுங்கள். அதற்குப் பல் இருக்கும். பல் இருக்கும் புலியாகப் பார்த்தே வாங்குங்கள். பூனையைப்போலக் குழைந்த புலியை நான் மாட்டச் சொல்ல மாட்டேன். பல் இல்லாத மிருகத்தோடு சமாதானமாக இருப்பதில் என்ன பெருமை இருக்கிறது? உங்கள் வீட்டிலும் அப்படித்தானே. அம்மா அம்மாவாகவும் மாமியார் மாமியாராகவும் இருந்துகொண்டே ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

போன்பீபி எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனாலும் உங்கள் ஹாலுக்கு அதை முதலில் சொல்ல மாட்டேன். அது வணங்கப்படும் உருவம். இரண்டு அம்மாக்களில் ஒருவருக்கு, ஏன் இருவருக்குமேகூட, நெருடலாக இருக்கலாம். உங்களுக்கு நான் சொல்வது இன்னொன்று. பூட்டானிலும் திபெத்திய வீடுகளிலும் சுவரில் திரும்பத் திரும்பப் பார்க்கக்கூடிய நான்கு நண்பர்கள் படம். ஒரு மரத்தடியில் யானை நிற்கிறது. அதன் முதுகில் குரங்கு, குரங்கின் மேல் முயல், முயலின் மேல் ஒரு பறவை. மரம் நிறையப் பழம்.

இதன் வேர் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் இருக்கிறது. நம்மில் யார் மூத்தவர் என்று அவை பேசிக்கொண்டன. "நான் குட்டியாக இருந்தபோது இந்த மரம் என் வயிற்றைத் தொடும் உயரம்தான்" என்றது யானை. "நான் தரையில் உட்கார்ந்தபடியே இதன் உச்சிக் கொழுந்தைத் தின்றிருக்கிறேன்" என்றது குரங்கு. "இது துளிர்த்தபோது இலையிலிருந்த பனியை நக்கியிருக்கிறேன்" என்றது முயல். கடைசியில் பறவை சொன்னது: "எங்கோ ஒரு மரத்தின் பழத்தைத் தின்று, விதையை இங்கே நான்தான் போட்டேன்." எல்லாவற்றிலும் சிறியதுதான் மூத்தது என்று தெரிந்துவிட்டது. பாலி மொழிக் கதையில் முயல் கிடையாது, மூன்று பேர்தான். முயல் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

இந்தக் கதை எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது தெரியுமா? ஓர் இரவு இளம் துறவிகள் முந்திக்கொண்டு தங்கும் இடங்களையெல்லாம் பிடித்துக்கொள்ள, புத்தரின் மூத்த சீடரான சாரிபுத்திரர் இடம் கிடைக்காமல் மரத்தடியில் இரவைக் கழித்தார். அதைக் கேள்விப்பட்ட புத்தர் மறுநாள் சொன்ன கதை இது. வீட்டில் யாருக்கு எந்த இடம் என்ற கேள்விதான் அங்கேயும். மரம் ஒன்றுதான், ஒவ்வொருவர் நினைவில் அது ஒவ்வோர் உயரம். உங்கள் கணவரின் சிறுவயதை மாமியார் அறிவார், உங்கள் சிறுவயதை அம்மா அறிவார். இந்தக் குடும்பம் எந்த உயரத்தில் இருந்தபோது பார்த்தோம் என்று சொல்ல இருவரிடமும் நிறைய இருக்கும்.

வாங்குவதற்கு முன் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். உருவமே வேண்டாம் என்று மாமியார் சொன்னால், தயங்காமல் மரத்துக்குப் போங்கள். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் மரத்தை மட்டும் வைத்தே ஒரு சுவரை நிறைத்துவிடுவார்கள். கிளைக்குக் கிளை வேறு புள்ளி, வேறு கோடு. அதுவும் சேர்ந்து வாழும் படம்தான்.

கேள்வி: கோண்டு ஓவியம் ஒன்று வாங்கினோம். புலி, மான், பறவைகள் எல்லாம் ஒரே மரத்தடியில் இருக்கின்றன. ஐந்து வயது மகன் தினமும் தூங்கப் போகும்போது, "ராத்திரி எல்லாரும் தூங்கினதும் புலி மானைத் தின்னுடுமா?" என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது? படத்தை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். இவ்வளவு கவனமாக ஒரு படத்தைப் பார்க்கும் குழந்தை இருக்கும் வீட்டில்தான் அந்தப் படம் இருக்க வேண்டும்.

"தின்னாது, அது நல்ல புலி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். புலி மானைத் தின்னும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை நீங்கள் மறுத்தால் படத்தையும் நம்ப மாட்டான், உங்களையும் நம்ப மாட்டான். "புலிக்குப் பசிச்சா தின்னும். இப்போ அதுக்குப் பசிக்கலை, நிழலுக்கு வந்திருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். புலியும் பசுவும் ஒரே துறையில் நீர் குடித்தன என்று நல்லாட்சியைச் சொல்வது நம் வழக்கம். அந்தத் துறையில் புலிக்கும் பசுவுக்கும் தாகம் ஒன்றுதான். அதை அவனுக்குச் சொல்லலாம்.

உங்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கோண்டு மக்களில் பர்தான் என்ற பிரிவினர் பாணர்கள். பானா என்ற நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு, தங்களைப் போஷித்த குடும்பங்களின் வம்சக் கதைகளையும் தெய்வங்களின் கதைகளையும் பாடியவர்கள். பாட்டும் சுவர் ஓவியமும் அவர்கள் வீடுகளில் கலந்து இருந்தன. திண்டோரி மாவட்டத்துப் பாட்டன்கட் கிராமத்து இளைஞர் ஜங்கட் சிங் ஷியாம் 1980-களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையத்துக்கு வந்தார். அவரை அடையாளம் கண்டு வரவழைத்தது ஓவியர் ஜெ. சுவாமிநாதனும் அவர் அனுப்பிய குழுவும். காகிதமும் வண்ணமும் கைக்குக் கிடைத்ததும், பாட்டில் இருந்த தெய்வங்களும் மிருகங்களும் ஜங்கட்டின் கையில் படமாக இறங்கின. 2001-இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே, ஜப்பானில் இறந்துபோனார். இன்று நாம் கோண்டு ஓவியம் என்று வாங்குவதில் பெரும்பகுதி அவர் திறந்த வழியில் வந்தது. அவருடைய உறவினர் பஜ்ஜு ஷியாம் 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

உங்கள் படத்தில் மானின் கொம்பு எங்கே முடிகிறது என்று மகனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இந்த ஓவியர்கள் பலர் மான் கொம்பைக் கிளையாக நீட்டி, அதை மரமாகவே ஆக்கிவிடுவார்கள். பறவை உட்கார்ந்திருப்பது மரத்திலா மானின் தலையிலா என்று சொல்ல முடியாது. பிறகு புலியின் உடம்பில் என்ன கோடு, மானின் உடம்பில் என்ன புள்ளி என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஓவியருக்கும் நிரப்பும் கோலம் தனி, அதைப் பார்த்தே யார் வரைந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம் போனால் மகன் வேறு கேள்வி கேட்பான்.

ஒரு சின்ன விஷயம். படம் பெரியவர்களின் கண் உயரத்தில் இருந்தால் அவனுக்குப் புலியின் வயிறும் நகமும்தான் தெரியும். ஒரு முழம் இறக்கி மாட்டுங்கள். புலியின் முகம் அவன் முகத்துக்கு நேரே வரட்டும். பயம் பாதி அங்கேயே போய்விடும்.

கேள்வி: சிங்கம், ஓநாய், ஆட்டுக்குட்டி, கன்று, நடுவே ஒரு குழந்தை, தூரத்தில் மரத்தடியில் சில மனிதர்கள் என்று ஓர் அமெரிக்க நாட்டுப்புற ஓவியத்தின் பிரதி எங்களுக்குப் பரிசாக வந்தது. யார் வரைந்தது? நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். வரைந்தவர் எட்வர்ட் ஹிக்ஸ். 1780-இல் பென்சில்வேனியாவில் பிறந்து 1849-இல் இறந்தவர். ஒன்றரை வயதில் தாயை இழந்து, வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். வண்டிகளுக்கு வண்ணம் பூசுவதும் பெயர்ப்பலகை எழுதுவதும் தொழில். குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையில் போதகர். ஆடம்பரம் கூடாது என்ற கொள்கை உள்ள சபை அது. படம் வரைவது சரியா என்ற போராட்டம் அவருக்குள் கடைசிவரை இருந்தது. அப்படிப்பட்டவர் இந்த ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் இன்றும் இருக்கின்றன.

காட்சி விவிலியத்தில் ஏசாயா 11-ஆம் அதிகாரத்திலிருந்து வருவது. ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்கும், சிங்கம் மாட்டைப்போல வைக்கோல் தின்னும், ஒரு சிறு பையன் அவற்றை நடத்திப் போவான் என்கிறது அது. தூரத்தில் மரத்தடியில் நிற்பவர்கள் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னும் லெனாபே பழங்குடியினரும். 1682-இல் ஷாக்கமாக்சன் என்ற இடத்தில் ஓர் எல்ம் மரத்தடியில் அவர்கள் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டதாக மரபு. அந்தப் பகுதியை ஹிக்ஸ் தானே கற்பனை செய்யவில்லை. பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியர் 1771–72-இல் வரைந்த காட்சியின் அச்சுப் பிரதியைப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

இதை உங்களிடம் மறைக்கக் கூடாது: அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. 1737-இல் பென்னின் மகன்கள் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஒன்றரை நாளில் ஒரு மனிதன் நடக்கும் தூரம்வரை நிலம் எங்களுடையது என்றார்கள். முன்பே பாதை வெட்டிவைத்து, வேகமாக நடக்கக்கூடிய மூன்று பேரைக் கூலிக்கு அமர்த்தி, லெனாபே மக்களின் நிலத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார்கள். ஹிக்ஸ் பிறந்த காலத்துக்குள் அது பழைய கதையாகிவிட்டது. அவர் சபையும் 1827-இல் இரண்டாக உடைந்தது. ஒரு பக்கத்துக்குத் தலைமையாக நின்றவர் அவருடைய உறவினர் எலியாஸ் ஹிக்ஸ். சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் போனதைப் பார்த்துக்கொண்டே இவர் சிங்கத்தையும் ஆட்டையும் வரைந்துகொண்டிருந்தார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கும். அவருக்கு அந்த அமைதி கிடைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் பிரதியில் சிங்கத்தின் முகத்தைப் பாருங்கள். ஆரம்பகாலப் படங்களில் மிருகங்கள் ஒன்றையொன்று ஒட்டி, பொம்மைபோல அடக்கமாக இருக்கும். பிற்காலத்தில் வரைந்தவற்றில் சிங்கத்துக்கு வயதாகியிருக்கும், கண் அகல விரிந்து களைத்திருக்கும். நகமும் பல்லும் அப்படியே இருக்கும். 1837-இல் அவர் செய்த ஒரு பிரசங்கத்தில் ஓநாய், சிறுத்தை, கரடி, சிங்கம் நான்கையும் மனித சுபாவங்களோடு ஒப்பிட்டார். சிங்கம் கோபக்காரன், ஓநாய் மனச்சோர்வு உள்ளவன், இப்படி. மிருகம் வெளியே இல்லை, நமக்குள் இருக்கிறது என்பது அவர் நினைப்பு. இதைப் புரிந்துகொள்ள எந்த மதமும் தேவையில்லை. எனக்குப் பிற்காலப் படங்கள்தான் பிடிக்கும், களைத்த சிங்கத்தின் பொறுமையை நான் நம்புகிறேன்.

பரிசாக வந்த பிரதி மங்கலாக இருந்தால், வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடம் தன்னிடமுள்ள சுமார் 1834-ஆம் ஆண்டுப் படத்தைப் பெரிய அளவில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளக் கொடுக்கிறது. அதிலிருந்து நல்ல கெட்டிக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: தோழியின் மகள் கல்யாணத்துக்கு வங்காளத்து 'மீன் கல்யாணம்' ஓவியம் வாங்கியிருக்கிறேன். மீன்கள் எல்லாம் மேளமும் பல்லக்குமாக ஊர்வலம் போகின்றன. கல்யாணத்துக்குப் பொருத்தம்தானே?

அதே பட்டுவாக்கள் வரைவதுதான். வண்ணமும் கூட்டமும் அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் கொடுப்பதற்கு முன் படத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். வாயைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய மீன் இருக்கிறதா?

இருந்தால் அது போவால் மீன், நம் வாளை. சிறு மீன்கள் கூடிக் கல்யாணம் செய்கின்றன. பெரிய மீனை அழைக்கவில்லை. அழைக்காததற்குக் கோபப்பட்டு அது வந்து, எல்லாரையும் விழுங்கிவிடுவேன் என்கிறது. விழுங்கியே விடுவதாகவும் பாடுவார்கள். சிறியவர்கள் சந்தோஷமாக இருப்பதைப் பெரியவன் பொறுக்காத கதை அது. வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, விற்பவரும் பாடிக் காட்டுவதில்லை. நல்ல படம், உண்மையான படம். புதுமணத் தம்பதிக்கு மட்டும் வேண்டாம். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மதுபனி என்றும் சொல்லப்படும் மிதிலை ஓவியத்தில் மீன் ஜோடி கிடைக்கும், அங்கே மீன் மங்கலம்.

வேறு ஒன்று கொடுக்கலாம் என்றால் ஒடிசாவின் பட்டசித்திரத்தில் நவகுஞ்சரம் பாருங்கள், ஒன்பது உயிர்கள் சேர்ந்த ஒரே மிருகம். சேவல் தலை, மயில் கழுத்து, காளையின் திமில், சிங்க இடை, பாம்பு வால், யானைக்கால், புலிக்கால், இன்னொரு மிருகத்தின் கால், நான்காவது காலுக்குப் பதில் தாமரை பிடித்த ஒரு மனிதக் கை. சரளாதாசர் எழுதிய ஒடிய மகாபாரதத்தில் வருவது. மலையில் இந்த விசித்திர மிருகத்தைக் கண்டு அர்ஜுனன் வில்லை எடுக்கிறான். அப்புறம் அந்தக் கையும் தாமரையும் கண்ணில் படுகிறது, கிருஷ்ணன் என்று தெரிந்து வில்லைக் கீழே போடுகிறான். இதுவரை பார்க்காத ஒன்றைக் கண்டதும் கை வில்லுக்குப் போகிறது, கொஞ்சம் நின்று பார்த்தால் அதில் ஒரு மனிதக் கை தெரிகிறது. கல்யாணமாகி ஒரு புது வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கும், அவளை எதிர்கொள்ளும் வீட்டுக்கும் இதைவிட நல்ல படம் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: கையால் வரைந்ததா, அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சட்டம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கையளவு பூதக்கண்ணாடி ஒன்று போதும். ஒரு வண்ணத்தின் ஓரத்தை வைத்துப் பாருங்கள். அச்சாக இருந்தால் சீரான சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரியும். கையால் வரைந்ததில் தூரிகை ஓடிய தடம் தெரியும், கோடு தொடங்கும் இடத்தில் மை கனமாகவும் முடியும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் வண்ணம் மேடு தட்டும். அச்சு வாங்குவது தப்பில்லை, அச்சு என்று சொல்லி விற்கட்டும். கையால் வரைந்தது என்றால் வரைந்தவர் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கதையையும் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்னால் உறையில் வைத்துவிடுங்கள். என்னிடம் வரும் பழைய படங்களில் பாதிக்கு யார் வரைந்தது, என்ன கதை என்பது போயே போய்விட்டது. எனக்கு அது பெரிய வருத்தம்.

சட்டத்துக்கு வருவோம். கண்ணாடி ஓவியத்தின் மேல் படவே கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் ஈரக் காலத்தில் வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும். மவுண்டும் பின் அட்டையும் அமிலம் இல்லாததாக இருக்கட்டும். சாதாரண அட்டை சில வருடத்தில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். செல்லோ டேப் ஒட்ட விடாதீர்கள், அந்தக் கறையை எடுக்க முடியாது. மெல்லிய காகிதத் துண்டில் மாவுப் பசை தடவி மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் தொங்கவிட்டால் போதும். காகிதம் சுருங்கி விரிய இடம் வேண்டும், நாலு பக்கமும் ஒட்டினால் அலை அலையாகிவிடும்.

வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். செடியிலிருந்து எடுத்த வண்ணங்களில் மஞ்சள்தான் முதலில் வெளுக்கும். மஞ்சள் போனால் புலி போய்விடும், கோடு மட்டும் மிஞ்சும். குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது. சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் பின்பக்கம் ரப்பர் பொத்தான் ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று போய்வரும். பட்டுவாச் சுருளை முழுதாக வாங்கினால் கண்ணாடிக்குள் போடாதீர்கள். மேலும் கீழும் ஒரு மரக்கோல் கட்டித் தொங்கவிடுங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை இறக்கி, படம் உள்ளே வரும்படி தளர்வாகச் சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மறுபடி மாட்டுங்கள்.